ஷூபல் பிங்கம் கொண்டுவந்த கறுப்பு அரக்கு

பாஸ்டனுக்கு வடக்கே கடலில் கலக்கிற கென்னபெக் ஆற்றில் கப்பல் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேரைச் சொல்லாமல் 'கேப்டன்' என்று மட்டும் சொன்னாலே இன்னார் என்று இரண்டு கரைக்கும் தெரிந்தது ஒருவரைத்தான். அவர் ஷூபல் பிங்கம். அவருடைய அப்பா விட்டுப்போன சொத்து மீன் அறுக்கிற கத்தி ஒன்று. காட் மீனின் வயிற்றைக் கிழித்து, குடலை எடுத்து, உப்புத் தடவிக் காயப்போடுகிற வேலையில்தான் அவர் தொடங்கினார். பிறகு கப்பலில் சமையல், பாய் கட்டுகிற வேலை, சுக்கான் பிடிக்கிற வேலை என்று ஏறி, கடைசியில் சொந்தக் காசில் ஒற்றைப் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கட்டினார். மனைவி பேஷன்ஸின் பெயரையே அதற்கும் வைத்தார். ஒரு பைசா யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. இதை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், சொல்லட்டுமே, உண்மைதானே. பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு குளிர்காலம். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்கு விறகு பிளந்தார்.

ஆற்றின் மேல்பக்கம் பெரிய வீடுகள் இருந்தன. காடு அவர்களுடையது, மரம் அறுக்கிற ஆலை அவர்களுடையது, நீதிபதி நாற்காலியும் அவர்களுடையது. அந்த வீடுகளில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதைவிடக் கடுதாசி எழுதிக்கொள்வது அதிகம். பாதிப் பேர் பாஸ்டனில் இருந்தால் வேறு என்ன செய்வது? அரசாங்கத் தபால்காரன் குதிரையில் சேற்றை மிதித்து வருவதற்குள் சேதி ஊசிப்போகும். அதனால் கடுதாசியெல்லாம் கேப்டன் பிங்கமின் கப்பலில்தான் போகும், வரும். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. ஊர் நீதிபதி ஸ்குவயர் வெண்டோவர் போன்ற பெரிய மனிதர் தன் வீட்டு ரகசியத்தை நம்பிக் கொடுக்கிறார் என்பதே அவருக்குப் போதுமான கூலி.

"கடல் கேட்டா என்னைக் கொடுப்பேன், கடுதாசியைக் கொடுக்க மாட்டேன்" என்பார். வாயில் வந்த பெருமை இல்லை அது. ஒரு டிசம்பரில் கப்பல் பாறையில் தட்டியபோது அவர் முதலில் எண்ணெய்த்துணியில் சுற்றிய கடுதாசிக் கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பிறகுதான் தண்ணீரை இறைக்க இறங்கினார்.

பெரிய வீட்டுக் கடுதாசிகள் ஒரு தினுசு. மேலே பலகை விலை இருக்கும். நடுவில் ரம் பீப்பாய் ஒழுகிய விவகாரம். அதற்கும் கீழே பேரனுக்குப் பல் முளைத்தது, அத்தைக்கு இடுப்பு வலி. தாள் தீர்ந்துவிட்டால் ஓரத்தில் தாளைத் திருப்பித் திருப்பி எழுதுவார்கள். எழுதின தாளையே மடித்து, மடிப்பில் சிவப்பு அரக்கை உருக்கி விட்டு, முத்திரையை அழுத்துவார்கள். அந்த அரக்கு விழுகிற இடத்தில் மட்டும் எழுதாமல் விடவேண்டும். இல்லாவிட்டால் பிரிக்கும்போது அரக்கோடு எழுத்தும் கிழிந்துபோகும். நல்ல வீட்டுப் பெண்களுக்கு இதைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

சாவுச் செய்தி என்றால் அரக்கு கறுப்பு. பிரிப்பதற்கு முன்னாலேயே கண் தெரிந்துகொள்ளும். கறுப்பு அரக்கு வந்தால் ஷூபல் அதை மற்றக் கடுதாசிகளோடு கலக்க மாட்டார். சட்டையின் உள்பையில் தனியாக வைப்பார். சரக்கை இறக்குவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரே நடந்துபோய்க் கொடுப்பார்.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதத்தில் அவருடைய ஒரே மகள் கெசையா பாஸ்டனுக்குப் போனாள். ஸ்குவயரின் மகள் லூசிண்டா அங்கே வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். ஒத்தாசைக்கு ஒரு பெண் வேண்டும் என்றாள்.

பேஷன்ஸுக்கு இஷ்டமில்லை. "நம்ம பொண்ணு இன்னொருத்தி வீட்டு சட்டியைத் தேய்க்கணுமா?"

"வேலைக்காரியாவா அனுப்புறேன்? ஒத்தாசைக்கு. அவங்களோட ஒரே மேஜையில சாப்பிடுவா. மூணு மாடி வீடு, தெரியுமா? ஜன்னல் எல்லாம் கண்ணாடி!"

"நம்ம ஜன்னல்ல என்ன, மீன் தோலா ஒட்டியிருக்கு?"

கடைசியில் ஷூபலின் பிடிவாதம்தான் ஜெயித்தது. கப்பல் கிளம்புகிற அன்று பேஷன்ஸ் மகளின் தலையைப் பின்னிவிட்டாள். செம்பு நிறத்தில் இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. ஆற்றின் இரண்டு கரையிலும் அப்படி ஒரு முடி கிடையாது என்று ஷூபல் ஒவ்வொரு துறையிலும் சொல்லிவைத்திருந்தார். கோடை முழுவதும் போகிற இடமெல்லாம், "என் பொண்ணு பாஸ்டன்ல இருக்கா, கண்ணாடி மாளிகைல" என்று ஒரு பாட்டு.

ஆகஸ்டு பிறந்ததும் அந்தப் பாட்டு நின்றது. பாஸ்டனில் காய்ச்சல். கண்ணும் தோலும் மஞ்சளாகி, கறுப்பாக வாந்தியெடுத்து, ஒரு வாரத்துக்குள் ஆளை முடிக்கிற காய்ச்சல்.

செப்டம்பரில் ஷூபல் பலகை ஏற்றிக்கொண்டு பாஸ்டன் துறைமுகத்துக்குப் போனபோது, ஊருக்குள் விடவில்லை. தீவோரமாக நங்கூரம் போடச் சொன்னார்கள். பலகையை வேறு படகுக்கு மாற்றினார்கள். கப்பலிலிருந்து ஒருவனும் கரையில் கால் வைக்கக்கூடாது. ஊர் கண்ணெதிரே தெரிந்தது. தேவாலயக் கோபுரங்கள் தெரிந்தன. வழக்கமாக அடிக்கிற சாவுமணியைக்கூட நிறுத்திவிட்டார்கள், கேட்டுக் கேட்டு ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று. ஷூபலுக்கு அந்த மௌனம் மணியைவிட மோசமாக இருந்தது.

தீவின் காவல்காரன் மூக்கில் காடியில் நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு, கடுதாசிகளைக் கந்தகப் புகையில் காட்டிக்கொண்டிருந்தான். காய்ச்சல் காகிதத்தோடு பயணம் செய்யாமல் இருக்க அதுதான் வழி என்று மேலிடத்து உத்தரவு. கனல் நிறைந்த இரும்புச் சட்டி, மேலே கம்பி வலை, வலைமேல் கடுதாசிகள்.

"யோவ்," என்று படகில் நின்றபடியே ஷூபல் கத்தினார், "துறைமுகத் தெருவுல மூணு மாடி வீடு. கதவுல பித்தளைக் கைப்பிடி. அங்க எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"பித்தளைக் கைப்பிடி வச்ச வீட்டுக்காரன் எவனும் ஊர்ல இல்ல. குதிரைவண்டி வச்சிருந்தவன் எல்லாம் போன மாசமே ஓடிட்டான்."

"வேலைக்கு இருந்த பொண்ணுங்க?"

"அதை யார் எழுதி வச்சிருக்கா?" என்று காவல்காரன் சட்டியைக் கிளறினான். ஒரு கடுதாசி வலையிலிருந்து நழுவிக் கனலோரம் விழுந்தது. இடுக்கியால் எடுத்து ஊதினான். ஷூபல் அப்போது அதைக் கவனிக்கவில்லை. கரையில் தெரிந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீண்ட கழியின் பிளந்த நுனியில் செருகிக் கடுதாசிக் கட்டை நீட்டினான் காவல்காரன். கப்பலுக்குத் திரும்பிய பிறகுதான் ஷூபல் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பெரும்பாலானவை மாவுப்பசை வில்லை ஒட்டிய வியாபாரக் கடுதாசிகள். ஒன்று மட்டும் ஸ்குவயர் வெண்டோவருக்கு. மேல்விலாசம் லூசிண்டாவின் கையெழுத்து. அந்தச் சுழித்த எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். திருப்பினார்.

அரக்கு கறுப்பு.

கைகள் அதை உள்பையில் வைத்தன, வழக்கப்படி. மனம் வழக்கப்படி இல்லை.

துணைக்கு இருந்த ஏசா, நாற்பது வயது, கல்யாணமாகாதவன், வாய் அதிகம். அவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டான். "என்ன கேப்டன், யாரு?"

"லூசிண்டா எழுதியிருக்கு. அப்ப அது உயிரோட இருக்கு. புருஷனா இருக்கலாம். குழந்தையா இருக்கலாம்."

"அப்ப கெசையா இல்ல."

ஷூபல் நிமிர்ந்தார்.

"யோசிச்சுப் பாருங்க," என்றான் ஏசா, ஆறுதலாகத்தான் சொன்னான். "நம்ம ஆளு செத்தா அவங்க கறுப்பு அரக்கா உருக்குவாங்க? என் சித்தி அந்த வீட்ல இருபது வருஷம் சமைச்சா. செத்தப்ப சேதி பூட்ஸு வாங்கி அனுப்பச் சொன்ன கடுதாசிலதான் வந்துச்சு. சிவப்பு அரக்கு. பூட்ஸு அளவு மேல, சித்தி கீழ."

ஷூபல் சிரித்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய மறுநொடியே வெட்கம் வந்தது; எவர் வீட்டுக் குழந்தையோ செத்திருக்கிறது, நான் சிரிக்கிறேனே என்று. அதற்குப் பின்னால் மெதுவாக வேறொன்று வந்தது. அந்த வீட்டில் ஒருவரைக் காய்ச்சல் தூக்கியிருக்கிறது என்றால், அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது யார்? வாந்தியைத் துடைத்தது யார்? சீமாட்டிகளா துடைப்பார்கள்?

வடக்கே திரும்பிய பயணம் முழுவதும் இதுதான். காற்று சரியில்லை, கரையோரம் மூடுபனி. சோளரொட்டியைக் கையில் எடுத்தார், கடித்தார், என்ன கடித்தோம் என்று தெரியாமல் வைத்தார். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பிரிச்சுப் பாத்துருங்களேன்," என்றான் ஏசா ஒருநாள் காலை. "கத்தியைச் சூடு பண்ணி அடியில விட்டா அரக்கு முழுசா வரும். திரும்ப ஒட்டிரலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்க பொண்ணு சேதி அதுக்குள்ள இருக்கலாம்."

"ஸ்குவயரோட கடுதாசிடா அது. என் கையில இதுவரைக்கும் ஒரு கடுதாசி கிழிஞ்சதில்ல. நாளைக்கு ஆத்துல எவனாவது 'பிங்கம் பிரிச்சுப் படிக்கிற ஆளு'ன்னு சொன்னா, நான் திரும்ப மீன் அறுக்கப் போகவேண்டியதுதான்."

ஏசா போனபிறகு அவர் கடுதாசியை வெளியே எடுத்தார். கத்தியையும் எடுத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியால் புகையிலையை வெட்டினார். மானம் மட்டுமல்ல காரணம். பிரித்தால் உள்ளே இருக்கிற சேதி தெரிந்துவிடும். அதுதான் பயம்.

ஆற்று வாய்க்குள் நுழையும்போது கடலேற்றம் தொடங்கி, தண்ணீர் ஆற்றுக்குள் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நீரோட்டத்தை விட்டால் வெண்டோவர் துறைக்குப் போய்ச் சேர அரைநாள் கழியும். அவருடைய வீடோ வழியிலேயே, கீழ்க்கரையில். பேஷன்ஸ் கரையில் நின்றுகொண்டிருந்தாள். பாயைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அடுப்பைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்திருக்கிறாள், கையில் அகப்பை.

"பாத்தியா அவளை?" தண்ணீருக்கு மேலே அவள் குரல் ஓடிவந்தது.

"ஊருக்குள்ள விடல!"

"கடுதாசி?"

"ஸ்குவயருக்குத்தான்!"

"அரக்கு என்ன நிறம்?"

ஷூபல் குனிந்து கயிற்றை இழுத்தார். இழுக்க வேண்டிய கயிறே இல்லை அது.

"ஷூபல்! காதுல விழலையா? என்ன நிறம்?"

"மேல போய்ட்டு வரேன்!" என்று கத்தி ஆற்றின் மேல்பக்கம் கையைக் காட்டினார். அவள் கரையோரமாகக் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். முள்வேலி வந்ததும் நின்றாள். வளைவில் திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் கயிறு எப்படிப்பட்ட கயிறு என்று தெரிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வெண்டோவர் வீட்டின் முன்னறையில் ஸ்குவயர் எழுதுமேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தார். தாம் எழுதுகிற ஒவ்வொரு கடுதாசியையும் தடித்த நோட்டில் ஒருமுறை படியெடுத்துவைக்கிற மனிதர். மேடம் வெண்டோவர் ஜன்னலோரம் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். ஷூபல் வாசலில் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்ததுமே மேடத்தின் ஊசிகள் நின்றன.

"கேப்டன்," என்றார் ஸ்குவயர், "உக்காருங்க."

"நிக்கிறேன் ஸ்குவயர்." கடுதாசியை இரண்டு கையாலும் நீட்டினார். அரக்கு மேலே தெரியும்படி. மறைத்துக் கொடுப்பது மரியாதையில்லை.

மேடம் ஒரு சத்தம் போட்டார்; அழுகை என்று சொல்ல முடியாது, மூச்சு உள்ளே போய் வெளியே வராத சத்தம். "குழந்தை. குழந்தைதான். நான் அப்பவே சொன்னேன், பால்மறக்க வைக்காதேன்னு."

"பொறு ஹெப்சிபா. பொறு." ஸ்குவயர் அரக்கை உடைக்க மடிப்பை வெடுக்கென்று இழுத்தார். காகிதம் கிழிகிற ஓசை. அவர் தாளை விரித்து வரிவரியாக ஓடினார். கண் மட்டும் ஓடியது. "நல்லா இருக்கா... குழந்தை நல்லா இருக்கு... ரெண்டாவது பல்லு... மாப்பிள்ளை எட்மண்ட் பலகையைக் கேக்குறான்... யாரும் சாகல. ஹெப்சிபா, இங்க யாரும் சாகல!"

"அப்ப ஏன் கறுப்பு? என்னை ஏன் இப்படிக் கொன்னா அவ?"

ஸ்குவயர் உடைந்த அரக்கைத் திருப்பினார். உடைந்த ஓரம் செங்கல்லை உடைத்தாற்போலச் சிவந்திருந்தது. கட்டைவிரலால் மேல்பக்கத்தைத் தேய்த்தார். விரல் கறுத்தது, அரக்கு சிவந்தது.

"புகை! கந்தகப் புகை! உருகி, கரி ஒட்டியிருக்கு. கேப்டன், அந்தத் தீவுக் காவல்காரன் எங்களைப் பாதி புதைச்சுட்டான்!"

மேடம் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே பின்னலால் மூக்கைத் துடைத்தார். ஸ்குவயர் ரம் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டார். "உங்க பலகைக்கு இந்தத் தடவை நல்ல விலை, கேப்டன். எட்மண்ட் இன்னும் ஒரு பாரம் கேக்குறான், சீக்கிரம்..."

ஷூபல் அசையாமல் நின்றார். அத்தனை நாள் அந்தக் கறுப்புதான் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தது. கறுப்பு என்றால் அவர்கள் வீட்டு ஆள். கறுப்பு என்றால் கெசையா இல்லை. இப்போது அரக்கு சிவப்பு. சிவப்பில் எதுவும் இருக்கலாம். பூட்ஸு அளவு மேலே, சித்தி கீழே.

பெரிய மனிதர் முன்னறையில், அவர்கள் சந்தோஷத்துக்கு நடுவில், உங்கள் கடுதாசியில் என் வீட்டு ஆள் இருக்கிறதா என்று கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் மேலே வந்த மனிதர். ரம் வந்தது. கோப்பையைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

"ஸ்குவயர்." கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார். "கெசையாவைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?"

ஸ்குவயர் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அட, ஆமா. பாக்குறேன்." தாளைத் திருப்பினார். ஓரத்தைப் பார்த்தார். தாளைச் சுற்றிச் சுற்றிப் படித்தவர் முகம் மாறியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா படிங்க," என்றார் ஷூபல்.

ஸ்குவயர் படித்தார். "'நாங்கள் மாமாவின் பண்ணைக்கு வந்துவிட்டோம். கேப்டன் பிங்கமின் மகளை ஊர் வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டு வந்தோம்...'"

"விட்டுட்டு வந்தாங்களா?" என்றார் ஷூபல்.

மேடம் தரையைப் பார்த்தார்.

"'...திங்கட்கிழமை அவளுக்கும் காய்ச்சல் கண்டதாகச் சலவைக்காரி சொல்லியனுப்பினாள். இன்று காலை வந்த சேதி...'" ஸ்குவயர் நிறுத்தினார்.

"சேதி என்ன?"

"கிழிஞ்சிருக்கு." தாளைக் காட்டினார். நாணய அளவு ஓட்டை. "அரக்கு விழற இடத்துல எழுதியிருக்கா. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கோம் இந்தப் பொண்ணுக்கு! ஓட்டைக்குக் கீழ இவ்வளவுதான் இருக்கு: 'அவள் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.'"



பக்குவமாகச் சொல்லுங்கள். நல்ல செய்தியைப் பக்குவமாகச் சொல்லச் சொல்வார்களா யாராவது? ஷூபல் ரம் கோப்பையை எழுதுமேஜையில், அந்தப் படியெடுக்கிற நோட்டின்மேலேயே வைத்தார். வட்டமாகக் கறை படிந்தது.

"லூசிண்டா இன்னொரு படி தபால்லயும் அனுப்புவா," என்றார் ஸ்குவயர். "வழக்கம் அதுதான். சனிக்கிழமை வந்துரும். அதுவரைக்கும்..."

"சனிக்கிழமை வரைக்கும் என் பொண்டாட்டி கரையில நிப்பா ஸ்குவயர், அகப்பையோட. நீங்க வந்து சொல்லுங்க அவகிட்ட, சனிக்கிழமைன்னு." குரல் உயர்ந்துவிட்டது. இந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "அந்தக் கிழிஞ்சது எங்க போச்சு? அரக்குலதானே ஒட்டியிருக்கு? எடுங்க!"

"எடுத்தா மிச்சமும் போயிரும், கேப்டன்."

"போகட்டும்! இப்ப மட்டும் என்ன இருக்கு?"

எழுந்தது மேடம்தான். அடுப்பிலிருந்து கரண்டி நிறையத் தணலை அள்ளிவந்து மேஜைமேல் வைத்தார். அரக்குத் துண்டைக் கத்தி நுனியில் ஏந்தித் தணலுக்கு மேலே பிடித்தார். "நீங்க பிடிங்க கேப்டன், என்னால ஆகல." ஷூபல் பிடித்தார். அரக்கின் விளிம்பு பளபளத்தது, இளகியது. பிசின் வாடை. மேடம் நகத்தால் காகிதத் துணுக்கின் ஒரு மூலையைப் பிடித்தார். ஒரு மூலை கையோடு வந்துவிட்டது. "ஐயோ" என்றார். இன்னொரு மூலையைப் பிடித்தார். மெதுவாக, புண்ணிலிருந்து துணியை உரிப்பதுபோல, உரித்தார்.

ஒரு துணுக்கு. அதன்மேல் சிவப்புப் படலம். படலத்துக்கு அடியில் சுழித்த எழுத்து.

ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. ஸ்குவயர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"'கண் திறந்து'..." என்றார் மேடம். "ஆமா, 'கண் திறந்து'. அடுத்தது... 'கஞ்சி'."

"கஞ்சியா?"

"'கஞ்சி கேட்டாள்'. கேப்டன்! 'கண் திறந்து கஞ்சி கேட்டாள்'! அப்புறம் பிஞ்சு போயிருக்கு... கடைசில 'முடி'ன்னு இருக்கு. 'முடி'... 'முழுதும் வெட்ட'..."

"காய்ச்சலுக்குத் தலைமுடியை வெட்டியிருக்காங்க," என்றார் ஸ்குவயர் மெல்ல. "அதைத்தான் பக்குவமா சொல்லச் சொல்றா. அந்த முடியைப் பத்தி நீங்க ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கீங்களே."

ஷூபல் பிங்கம் அன்று உட்கார்ந்தார். வெண்டோவர் வீட்டு நாற்காலியில் அதுவரை உட்காராதவர், சொல்லாமலே உட்கார்ந்தார். ரம்மை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

தொப்பியை எடுத்தபோது குரல் பழைய கேப்டன் குரல். "ஸ்குவயர், ரெண்டு கடுதாசி எழுதுங்க. ஒண்ணு தீவுக் காவலுக்கு. என் பொண்ணை என் கப்பல்ல ஏத்திவிடச் சொல்லி. நீங்க நீதிபதி, உங்க பேருக்கு மரியாதை உண்டு. இன்னொண்ணு உங்க மகளுக்கு."

"மகளுக்கு என்ன எழுத?"

"வீட்டைப் பாத்துக்க வேற ஆளைத் தேடிக்கச் சொல்லி."

"பலகை?" என்று ஆரம்பித்த ஸ்குவயர், மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

ஷூபல் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். தாளின் பின்பக்கத்துக்குப் பேனா போனபோது விரலை வைத்தார். "இங்க எழுதாதீங்க. இங்க அரக்கு விழும்."

"எனக்கே சொல்லிக்கொடுக்குறீங்களா, கேப்டன்?"

"உங்க வீட்ல சொல்லிக்கொடுத்தது பத்தல ஸ்குவயர்."

மேடம் சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்துவந்து தன் கையாலேயே உருக்கினார். தேவைக்கு மேலேயே விட்டார்.

கடல் வற்றத்தோடு கப்பல் ஆற்றில் வேகமாக இறங்கியது. வளைவு திரும்புமுன்பே ஷூபல் முன்பக்கம் போய் நின்றுகொண்டார். பேஷன்ஸ் வேலியோரம், அவர் விட்டுப்போன அதே இடத்தில் நின்றாள்.

"கஞ்சி கேட்டாளாம்!" என்று கத்தினார்.

"என்னது?"

"கஞ்சி! கஞ்சி!"

"யாருக்குக் கஞ்சி? என்ன நிறம்னு கேட்டா கஞ்சின்ற! குடிச்சிருக்கியா?"

"சிவப்பு! சிவப்புடி! காய்ச்சல் வந்துச்சு, கண் முழிச்சுட்டா, கஞ்சி கேட்டிருக்கா! முடிதான் போச்சு!"

பேஷன்ஸ் அகப்பையைக் கீழே போட்டாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் மூட்டை, தோளில் சால்வை. ஏசா சின்னப் படகை இறக்குவதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"அது எழுதி எத்தனை நாளாச்சு?" என்று கப்பலில் ஏறியதும் கேட்டாள், மூச்சு வாங்க.

ஷூபல் பாயை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி ஏசாவிடம் கத்தினார். பாஸ்டன் போகும்வரை இரண்டு பேரும் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கவில்லை. பேஷன்ஸ் சோளரொட்டி சுட்டாள், யாரும் கேட்காமலே, மூட்டை மூட்டையாக.

தீவில் அதே காவல்காரன். ஸ்குவயரின் கடுதாசியைப் புகைச்சட்டிக்கு நீட்டினான். "வலை நடுவுல வையிய்யா," என்றார் ஷூபல் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆளனுப்பினார்கள். இரண்டாம் நாள் மதியம், சலவைக்காரியின் கையைப் பிடித்தபடி ஒரு பெண் தீவின் படித்துறையில் இறங்கி வந்தாள். மஞ்சள் முகம், தோளில் நிற்காத சட்டை, தலையில் நாடாக் கட்டிய தொப்பி. ஷூபலுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. பேஷன்ஸுக்குத் தெரிந்தது.

"அம்மா," என்றாள் கெசையா, "என்ன கொண்டுவந்த? பசிக்குது."

அதற்குப் பிறகும் ஷூபல் பிங்கம் வெகுகாலம் கடுதாசி கொண்டுபோனார். ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றையும் பிரிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் மாறியது. பெரிய வீட்டுக்காரர்கள் கடுதாசியைப் பிரித்ததும், பலகை விலையைப் படிப்பதற்கு முன்னால், அவர் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு நடு அறையில் நின்று, "முதல்ல நம்ம ஆளுங்களைப் பத்தி இருக்கான்னு பாருங்க" என்பார். சமையல்காரி, ஒத்தாசைக்குப் போன பெண், ஆலையில் கை போனவன், எவர் பேர் இருந்தாலும் அதைச் சத்தமாகப் படித்த பிறகுதான் அவர் நகர்வார். முணுமுணுத்தவர்களும் உண்டு. கப்பல் அவருடையது, முணுமுணுத்துவிட்டுப் படித்தார்கள்.

கெசையாவின் முடி மறுபடி வளர்ந்தது, பழைய நீளத்துக்கு இல்லை. அதைப் பற்றி அவர் எந்தத் துறையிலும் பேசவில்லை.